ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!

பழைய இடங்களுக்குத் திரும்பிப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு நாற்காலியைத் தேடுவார்கள். அப்புறம் ஆரம்பிக்கும்... “அப்பல்லாம் இங்க ஒரு டீக்கடை இருந்துச்சு.” “அப்ப இந்த ரோடே கிடையாது.” டீ வரும், பஜ்ஜி வரும், பழைய கதை வரும். மறுநாள் மதியம் கார் வந்துவிடும். இரண்டு நாளும் முழங்கால் மட்டும் மடங்கியபடியே இருந்திருக்கும்.

ஞாபகங்களை உட்கார்ந்த இடத்திலேயே அசை போடலாம்தான். ஆனால், ஒரு முறை நடந்து பாருங்களேன். அதுவும் தம்பதியாக, ஜோடியாக. ருசியே வேறு!

எங்களுக்கு அந்த ருசியைக் காட்டியது ஜவ்வாது மலை.

வேலூருக்குத் தெற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி பெயர் வாங்கிய மலை இல்லை. சாமை விளைகிற, தேனும் புளியும் பலாவும் கிடைக்கிற மலை. இங்கே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லுவார்கள்.

1986 மார்ச் மாதம், கல்யாணமாகிச் சில மாதங்களில் நாங்கள் அங்கே போனோம். தேனிலவு என்று சொல்லிக்கொள்ள வெட்கம். ‘வால் நட்சத்திரம் பார்க்கப் போறோம்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம். பொய் இல்லை... அந்த வருஷம்தான் ஹாலி வால் நட்சத்திரம் வந்திருந்தது. அந்த மலையில் இருக்கும் காவலூரில் அந்த ஜனவரியில்தான் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்திருந்தார். அதைக் கனவு கண்ட விஞ்ஞானி வைணு பாப்பு அதைப் பார்க்கவில்லை; 1982-லேயே போய்விட்டார். அவர் பெயர்தான் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும்.

பெரிய தொலைநோக்கி எங்களுக்கு எங்கே கிடைக்கும்? விடியற்காலை ரோட்டோரமாகப் போர்வை போர்த்திக்கொண்டு நின்று, தென்கிழக்கு வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு மாதிரி மங்கலாக ஏதோ தெரிய, “அதுதான்” என்றேன் நான். “எது?” என்றாள் அவள். கடைசிவரை இருவரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோமா என்று தெரியாது. கல்யாண வாழ்க்கையில் இதெல்லாம் சகஜம்.

அப்போது அந்த மலை முழுக்க வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. இன்றைக்குக் காவலூர் ஒரு மாவட்டம், ஜமுனாமரத்தூர் இன்னொரு மாவட்டம். மலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மாவட்டங்கள்தான் நடந்துகொண்டிருக்கின்றன!

போன மார்கழியில் மறுபடி போனோம். இப்போது இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. போவதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் மனைவிக்கு மூட்டு வலி. வலியைவிட அது செய்த காரியம்தான் கொடுமை. அவளுடைய உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியது. முதலில் கோயில் படி போயிற்று. அப்புறம், மாடியில் சாப்பாடு போடுகிற கல்யாண மண்டபங்கள் போயின. அப்புறம் மார்க்கெட். ஒருநாள், “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டுலயே இருக்கேன்” என்று எங்கேயோ போவதற்குச் சொன்னாள். அப்புறம் அதுவே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். அம்மாவோ, அத்தையோ, மாமியாரோ சொல்லியிருப்பார்கள். அது வாய் சொல்வதில்லை, முழங்கால் சொல்வது.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “தேய்மானம் இருக்கு. அதுக்காக உட்கார்ந்துட்டீங்கன்னா தொடைத் தசையும் போயிடும். அப்புறம் மூட்டுக்கு யாரும்மா முட்டுக்கொடுப்பாங்க?” என்றார். இன்றைய மருத்துவம் இதைத்தான் சொல்கிறது: மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வைத்தியங்களில் ஒன்று உடற்பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுகிற பயிற்சியில் ஆரம்பித்தாள். யாருக்கும் உடற்பயிற்சி செய்ய ஒரு தேதி வேண்டும். பரீட்சைத் தேதி மாதிரி. ஜவ்வாது மலையைத் தேதியாக வைத்தோம். இரண்டு மாதம் காலை நீட்டினாள், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள், வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கினாள்.

ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்கு நடந்தே போவது என்று முடிவு. சில கிலோமீட்டர்தான். போகும்போது நடை, திரும்பும்போது ஆட்டோ. வயதானவர்கள் மலையில் இந்த ஏற்பாட்டை மறக்கக் கூடாது. திரும்புகிற தெம்பை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போட வேண்டும்.

சென்னையில் நானும் நடக்கிறேன், அவளும் நடக்கிறாள். நான் காலை ஐந்தரைக்குப் பார்க்கில், நண்பர்களோடு. அவள் சாயங்காலம் மொட்டைமாடியில், துணி எடுக்கப் போகிற சாக்கில். ஒரே வீட்டில் இத்தனை வருஷம்... சேர்ந்து நடந்தது கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகிற தூரம்தான் இருக்கும். உங்கள் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.

மலைப் பாதையில் பத்தடி போவதற்குள், “ஏங்க, கொஞ்சம் நில்லுங்க.”

முதலில் மூட்டுக்காக. அப்புறம் ஒரு பலா மரத்துக்காக. அப்புறம், வாசலில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்காக. “எங்க போறீங்க ரெண்டு பேரும்?” என்றார் பாட்டி. “அருவிக்கு.” “நடந்தேவா?” என்று சிரித்துவிட்டு, “மெதுவாப் போங்க. அருவி எங்கயும் ஓடிடாது” என்றார்.

ஓடுவதுதானே அருவி என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மனைவி முறைத்தாள்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 72 ஜோடிகளை நடக்கவிட்டுப் பார்த்து 2021-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தனியாக நடக்கிற வேகத்தைவிடத் துணையோடு நடக்கும்போது வேகம் குறைகிறது. கையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் குறைகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், அதிலிருந்து ஒரு யோசனை கிடைக்கிறது. உடம்புக்கு வேக நடை வேண்டுமென்றால் அதைத் தனியாக முடித்துவிடுங்கள். சேர்ந்து நடக்கிற நடையை ஸ்டாப் வாட்ச் வைத்து அளக்காதீர்கள். அது வேறு கணக்கு.

எண்ணிக்கையைப் பற்றியும் கவலை வேண்டாம். ‘தினமும் பத்தாயிரம் அடி’ என்பது 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி, அடியை எண்ணுகிற கருவியை விற்கும்போது வைத்த பெயரிலிருந்து வந்தது. டாக்டர்கள் சொன்னதில்லை. 2019-ல் அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடியோடு நின்றவர்களைவிட நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பெரிதாகக் கூடவில்லை.

அருவிக்கு இறங்கும்போதுதான் சிரமம். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கும். உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை பிரேக் போட்டுப் பிடித்தபடி இறங்க வேண்டும், அதனால் மூட்டில் அழுத்தம் கூடுகிறது. ஒரு கையில் கழி. சின்னச் சின்ன அடி. நேராக இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டில்... இன்னொரு கை எனக்கு வந்தது.

“யாராவது பாக்கப் போறாங்க” என்றாள்.

“பாத்தா வயசானவங்க பாவம்னு நினைச்சுப்பாங்க.”

“அது அதைவிட மோசம்” என்றாள். கையை எடுக்கவில்லை.

இந்த மலையடிவாரத்தில் இருக்கிற செங்கம்தான் சங்க காலத்தில் செங்கண்மா. நன்னன் என்ற தலைவனின் ஊர். அவனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்கிற பாட்டுதான் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். 583 அடி. படித்துப் பாருங்கள், அசந்துபோவீர்கள். எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே வழுக்கும், எங்கே பாம்பு, எங்கே கவண்கல் பறந்து வரும், எங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று ஒன்று விடாமல் வரும். அந்தக் கூட்டத்தில் விறலியரும் உண்டு. ஆணும் பெண்ணுமாக இந்தப் பக்கத்து மலையை நடந்து கடந்தவர்கள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறார்கள். தனியாக முந்திப் போ என்று அவர்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை.

ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. திருடித் திருடியே காலி பண்ணினார்கள். சந்தனத்தில் ஒரு விசேஷம் உண்டு. அது தனியாகச் செழிக்காது. பக்கத்து மரத்தின் வேரைத் தன் வேரால் பற்றிக்கொண்டு அதிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சித்தான் வளரும். திரும்பும்போது ஆட்டோவில் இதைச் சொன்னேன்.

“நம்ம ரெண்டு பேர்ல யாரு சந்தனம்? யாரு பக்கத்து மரம்?” என்றாள்.

புத்திசாலிகள் பதில் சொல்லாத கேள்வி அது. நானும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி தங்கியிருந்த இடத்துக்கு வெளியே வந்து நின்றோம். மலையில் நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மாதிரி இருக்கும். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த வால் நட்சத்திரம் திரும்ப எப்ப வரும்?” என்றாள்.

“2061.”

“நாம இருக்க மாட்டோம்.”

“மாட்டோம்.”

நான் ஒரு தகவல் சொன்னேன். 2023 டிசம்பரில், நெப்டியூனையும் தாண்டிய தூரத்தில், அது போகிற போக்கு முடிந்து திரும்பிவிட்டது. இப்போது நம் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

“நம்ம கால் இன்னும் எத்தனை வருஷம் வரும்?” என்றாள்.

அதற்கு என்னிடம் தேதி இல்லை. “நாளைக்கு ஏரிப் பக்கம் போலாமா?” என்றேன். “வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாப் போலாம்” என்றாள். கொடுத்தேன். போனோம்.

உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருக்கும். ஏலகிரியோ, ஏற்காடோ, கொல்லிமலையோ. கல்யாணமான புதிதில் போனது, பிள்ளைகள் பிறந்ததும் விட்டுப்போனது. போவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே காலைத் தயார் பண்ணுங்கள். வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியையும் வாரம் மூன்று நாள் செய்யச் சொல்கிறது. இதயமோ மூட்டோ தொந்தரவு கொடுத்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். முதல் நாள் ஊரைச் சுற்றினால் போதும். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்தை நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்று. உங்களில் ஒருவர் வேகமாக நடக்கிறவராகத்தான் இருப்பீர்கள். எல்லா ஜோடியிலும் அப்படி ஒருவர் உண்டு. பின்னாலிருந்து “கொஞ்சம் நில்லுங்க” என்று குரல் வந்தால், திரும்பிப் பார்த்துக் கத்தாதீர்கள். நின்று, பக்கத்தில் வந்து சேரும்வரை அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று பார்த்துக்கொண்டிருங்கள்.