அடுப்பு எங்கே இருந்தது?

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் காற்று வாங்கிவிட்டு, மணக்குளத்து விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நேயர்களே, அடுத்த முறை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பாரதியார் குடியிருந்த வீடு அங்கே இருக்கிறது. புதுச்சேரி அரசு அதை நினைவில்லமாகக் காத்து வருகிறது.

சமீபத்தில் என் சித்தியுடன் அங்கே போயிருந்தேன். சித்திக்கு வளவனூர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் 38 கிலோமீட்டர் ரயில் பாதை 1879-ல் போட்டது; அதில் வளவனூர் ஒரு சின்ன ஸ்டேஷன். பாரதியார் காலத்தில் அந்தச் சிறு தூரத்துக்கு எவ்வளவு அர்த்தம் தெரியுமா? கிழக்கே சில மைல் போனால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அங்கே வெள்ளைக்காரப் போலீஸ் கைவைக்க முடியாது. மேற்கே திரும்பினால் சிறை.

1908-ல், ‘இந்தியா’ பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் கைதானதும், பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். பத்து வருஷம் அங்கேயே இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியவுடன் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்துவிட்டார்கள்!

வீட்டுக்குள் நுழைந்தால் முற்றம், தூண்கள், சுவரெல்லாம் படங்கள். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இந்தப் புதுச்சேரி வாசத்தில் பிறந்தவை என்று நான் சித்திக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த சித்தி மெதுவாக, “பாட்டெல்லாம் சரிம்மா. இங்கே அடுப்பு எங்கே இருந்தது?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசிக்க யோசிக்க, அந்த வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று பட்டது. புதுச்சேரிக்கு வந்தபோது செல்லம்மாளுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. வாசலில் ஒற்றர்கள், கையில் காசில்லை, மடியில் குழந்தைகள். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் கணவர் குருவிகளுக்கு வாரி இறைத்த கதை நாம் எல்லோரும் கேட்டதுதான். கேட்டு ரசிக்கிறோம். அன்றைக்கு உலையில் என்ன போட்டாள் அந்தப் பெண் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கதை அங்கே முடியவில்லை. 1921 செப்டம்பரில் பாரதியார் கண்ணை மூடியபோது செல்லம்மாளுக்கு முப்பதை ஒட்டிய வயது. கையில் இரண்டு பெண்கள். பெட்டியில் கையெழுத்துப் பிரதிகள். அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ‘பாரதி ஆச்ரமம்’ என்று ஒரு பதிப்பகம் தொடங்கி, மறு வருஷமே சுதேச கீதங்களை அச்சேற்றினார். அந்தப் பாட்டுகளின் உரிமையைச் சென்னை அரசு வாங்கியது 1949-ல். அதன் பிறகு அவை மக்கள் எல்லோருக்கும் சொந்தமாயின. அதுவரை அவற்றைக் காப்பாற்றிய கைகளில் முதல் கை, அரிசி களைந்த கைதான்.

உங்கள் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடத்தில் பாரதி பாட்டுப் பாடிப் பரிசு வாங்கி வந்தால், செல்லம்மாளின் பெயரையும் அதற்குச் சொல்லிக் கொடுங்கள். புதுச்சேரி வீட்டுக்கு அழைத்துப் போனால், படங்களைப் பார்த்து முடித்தபின் முற்றத்தில் சற்று நில்லுங்கள். என் சித்தி கேட்ட கேள்வியை நீங்களும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.