அடைவுநிலை 3

பிள்ளைகளின் குணத்துக்கு எண் போடுவது என் வேலைகளில் ஒன்று. நன்னெறிக் கல்வியில் ஒன்றிலிருந்து ஆறு வரை அடைவுநிலை உண்டு. பிள்ளையைக் கவனித்து, குறிப்பெடுத்து, பிறகு போட வேண்டிய எண் அது. நான் அப்படிப் போடவில்லை. பதிவை முடிக்க வேண்டிய கடைசி இரவில் பெயர்ப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, மனத்துக்குத் தோன்றியதைப் போட்டேன். வாய் திறக்காத பிள்ளைக்கு 6. எதிர்க்கேள்வி கேட்பவனுக்கு 3. கட்டுரை நன்றாக எழுதும் பிள்ளைக்கு நேர்மையிலும் 5 விழும். எழுத்துக்கும் நேர்மைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை.

2011இல் வந்த பாடத்திட்டம் பதினான்கு பண்புகளைச் சொல்கிறது. நல்லெண்ணம், மரியாதை, துணிவு, நடுவுநிலைமை, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை என்று நீளும் அந்தப் பட்டியலை என் மாணவர்கள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். நான்காம் ஆண்டில் அண்டை அயலார், ஐந்தில் சமுதாயம், ஆறில் நாடு என்று பாடம் வெளியே விரிந்துகொண்டே போகும். நான் அதை வகுப்பறைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனதில்லை. யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு இருந்த காலத்தில் பாதி வருடத்துக்கு மேல் அந்தப் பாடவேளை கணிதத்துக்கும் தமிழ்க் கட்டுரைக்கும்தான் போனது. 2021இல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு எனக்குச் சாக்கு இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது.

சுற்றுச்சூழலுக்கு இன்னும் மோசம். நாள் பாடத்திட்டத்தில் 'விரவிவரும் கூறு' என்று ஒரு கட்டம் உண்டு. சுற்றுச்சூழல் எல்லாப் பாடத்திலும் விரவி வர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். நான் அந்தக் கட்டத்தில் 'சுற்றுச்சூழல் நிலைத்தன்மை' என்று ஒரு தடவை தட்டெழுதிவிட்டு, வருடக்கணக்காக நகலெடுத்து ஒட்டினேன். பின்னப் பாடத்திலும் அது இருக்கும், வினைமுற்றுப் பாடத்திலும் இருக்கும். கோப்பைப் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அப்போது வேலை பார்த்தது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பாசிர் கூடாங் பக்கத்தில். அங்கே காற்றில் ஏதாவது ஒரு வாடை எப்போதும் இருக்கும். துறைமுகம், இரசாயனத் தொழிற்சாலைகள், எண்ணெய்க் கொள்கலன்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வாழ்கிற ஊர். என் பிள்ளைகளின் அப்பாக்கள் பலர் அந்தத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள். மூக்கு பழகிப்போனவர்களில் நானும் ஒருத்தி.

2019 மார்ச் 7, வியாழக்கிழமை, கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆற்றை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஜொகூரில் அப்போது வெள்ளி, சனிதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்தபோது ஆசிரியர் அறை முழுக்க அதே பேச்சு. ஆகவே, மறுநாள் வகுப்பில் நடந்துகொண்டதைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

திங்கட்கிழமை நான்காம் ஆண்டு வகுப்பு. பலகையில் அண்டை அயலாருக்கு உதவும் வழிகள். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், கேஸ் நாத்தம் வருது, தொண்டை எரியுது" என்றான். "இந்த ஊர்ல நாத்தம் இல்லாத நாளு எது? உக்காந்து எழுது" என்றேன். அவன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தான். இந்த முறை அவன் அனுமதி கேட்கவில்லை, நேரே கதவுப் பக்கம் போனான். நான் அவனை மரியாதை இல்லாதவன் என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி புத்தகத்தின்மேலேயே வாந்தி எடுத்த பிறகுதான் வகுப்பை வெளியே கூட்டிப்போனேன். அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளுக்கும் தொண்டை எரிந்திருக்கும்.

13ஆம் தேதி கல்வி அமைச்சு வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அந்தப் பெண்பிள்ளை இரண்டு நாளில் தேறிவிட்டாள், நல்லவேளை. ஜூனில் மறுபடி அதே மாதிரி நடந்து 475 கல்வி நிலையங்களை மூடினார்கள்.

கழிவைக் கொட்டியவர்களை வழக்கு பார்த்துக்கொண்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பெற்றோர்கூட, "டீச்சர் பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போனாங்களாம்" என்று நன்றி சொன்னார்கள். நான் அதை மறுக்கவில்லை.

வாந்தி எடுத்த அந்தப் பெண்பிள்ளை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதைப் பிறகு நிறைய யோசித்தேன். நான் எடுத்த இன்னொரு பாடமான நலக்கல்வியின் புத்தகத்தில் உடல் பாதுகாப்பு பற்றிய பகுதி உண்டு. எந்தத் தொடுதல் தப்பு, நடந்தால் நம்பிக்கையான பெரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று படத்தோடு இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கூச்சம். "வீட்ல அம்மாகிட்ட கேட்டுக்குங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஒரு வகுப்பில் அல்ல, நான் எடுத்த வகுப்புகள் எல்லாவற்றிலும். பிறகு எந்தப் பிள்ளையும் அதைப் பற்றி என்னிடம் வந்து பேசியதில்லை. பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவர்கள் கண்டுகொண்டிருக்கலாம் என்பது அன்று தோன்றவில்லை. டீச்சருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற ஒன்றைத்தான் நான் முழுதாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதில் நன்றாகத் தேறியவர்களுக்குத்தான் 6 போட்டேன்.

அந்தப் பையனுக்கு அந்த வருட முடிவில் மரியாதையில் 3 போட்டேன். துணிவிலும் 3. வகுப்பிலேயே துணிந்து எழுந்தவன் அவன் ஒருவன்தான் என்பது போடும்போதே எனக்குத் தெரியும். கோபம் தீரவில்லை, அவ்வளவுதான். வாந்தி எடுத்தவளுக்கு 6. இரண்டையும் மாற்ற அப்போது அவகாசம் இருந்தது, மாற்றவில்லை.

நான் படித்த காலத்தில், எண்பதுகளில், 'ஆலம் டான் மனுசியா' என்று ஒரு பாடம் இருந்தது. இயற்கையையும் மனிதரையும் சேர்த்து வைத்த பாடம். இப்போது 2027 பாடத்திட்டத்தில் அதே பெயரில் முதலாம் ஆண்டுக்கு ஒன்று வருகிறது. பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய்ப் பார்க்கவும் முகரவும் கேள்வி கேட்கவும் வைப்பதுதான் அதன் நோக்கம் என்கிறார்கள். எங்கள் பள்ளியிலிருந்து பயிற்சிக்குப் போய்வந்து மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்றபோது, அனுபவம் உள்ளவர் என்று என் பெயரைக் கொடுத்தார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.