தோல் உரித்த பவளம்

2024 நவம்பர் 30 இரவு. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தது. கனகசெட்டிக்குளத்தில் ஒரு வீட்டுக்குள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் மக். தொட்டி நீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினார். மறுபடி மொண்டார், ஊற்றினார். கரண்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை. நீரில் ஆக்சிஜன் கலக்க அவர் கைதான் வழி.

தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் ஒரு மென்பவளமும் இருந்தன. காளான் குடை போல விரியும் அந்த வகையை 'லெதர் கோரல்' என்பார்கள். சென்னை நண்பர் ஒருவர் தன் தொட்டிப் பவளத்தில் கட்டைவிரல் அளவு வெட்டிக் கொடுத்த துண்டு அது. கல்லில் வைத்து ரப்பர் பேண்டால் கட்டியதும், சில வாரங்களில் தானாக ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிட்டது. மனைவி போன பிறகு யாரோடும் அதிகம் பேசாதவர், காலை காபியை அதன் முன்னால் உட்கார்ந்துதான் குடிப்பார்.

இரண்டாம் நாள் மாலை கரண்ட் வந்தது. பவளம் சுருங்கிக் கிடந்தது. மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு பழுப்புப் படலம்.

"மாமா, நாத்தம் வர்றதுக்குள்ள எடுத்துடலாமா?" என்றாள் மருமகள்.

அவர் தொட்டியை முகர்ந்து பார்த்தார். அழுகல் வாடை இல்லை. மெல்லத் தொட்டார். சதை கரையவில்லை, கெட்டியாக இருந்தது. "உயிர் இருக்கும்மா. தோல் உரிக்குது" என்றார்.

லெதர் கோரலின் இயல்பு அது. அவ்வப்போது, சில சமயம் அதிர்ச்சிக்குப் பிறகும், மூடிக்கொண்டு மேல்தோலைக் கழற்றும். அதோடு பாசியும் அழுக்கும் போய்விடும். சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். செத்துவிட்டதென்று பலர் தூக்கி எறிவது இந்த நேரத்தில்தான்.

"தாத்தா, கடல் பக்கத்துலதானே இருக்கு? தண்ணி கொண்டாந்து மாத்தலாமா?" என்றாள் பேத்தி.

"இப்ப வேணாம்டா. மழை வெள்ளம் கலந்து உப்பு குறைஞ்சிருக்கும், சேறும் இருக்கும்."

ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மாற்றினார். நீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பில்லாத நீரைத்தான் ஊற்றவேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். பம்பின் ஓட்டத்தைப் படலம் மேல் லேசாகப் படும்படி திருப்பினார். மென்பவளங்கள் அக்கம்பக்கத்தை விரட்ட ரசாயனம் கசியவிடும் என்பதால், வடிகட்டியில் புது கார்பன் போட்டார்.

அவ்வளவுதான். இடம் மாற்றவில்லை, மருந்து ஊற்றவில்லை, விளக்கைக் கூட்டவில்லை. தினமும் போய் நோண்டினால் அதற்கு மறுபடி அதிர்ச்சி.

மென்பவளத்துக்குக் கல் போன்ற எலும்புக்கூடு கிடையாது. சதைக்குள் சுண்ணாம்பு ஊசிகள் மட்டுமே. வளையும், சுருங்கும், வெட்டினாலும் வளரும். ஆனால் வெப்பத்துக்கு அதுவும் அடங்கித்தான் போகும். நீர் அதிகம் சூடானால், உள்ளே வாழ்ந்து அதற்கு உணவு கொடுக்கும் நுண்பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் அப்படித்தான் வெளுத்தன. அதனால்தான் கோடையில் அவர் தொட்டிக்குத் தனி ஃபேன் வைத்து, நீர் அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்வார்.

"கடல்லேருந்தே இன்னொண்ணு எடுத்துக்கலாமே?" என்று பேத்தி கேட்டபோது மட்டும் அவர் குரல் கண்டிப்பானது. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் வனவிலங்குச் சட்டப்படி புலிக்குச் சமமாகப் பாதுகாக்கப்படுபவை. "கடல்ல இருக்கிறது கடலுக்கு. நம்மளுது தொட்டியில வளர்ந்த துண்டு."

ஒன்பதாம் நாள் படலம் ஒரு ஓரத்தில் பிய்ந்து ஆடியது. பதினோராம் நாள் காலை பேத்தி கத்தினாள்: "தாத்தா, கை நீட்டுது!" லென்ஸ் வைத்து எண்ணினாள். ஒவ்வொரு பூவிலும் எட்டு இதழ்கள்.

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்கம்மாவையும் கூப்பிடு. காபியை இங்கேயே குடிப்போம்."