முற்றத்துப் பெருச்சாளி

கொச்சி நகரின் இடக்கொச்சியில் முற்றத்துப் புல்தரையைக் குடைந்து மண்ணைக் குவித்துவிட்டுப் போவது பெருச்சாளி. மேலை நாட்டுத் தோட்டக்காரர்களை வாட்டும் அகழெலி தென்னிந்தியாவில் கிடையாது. அது மண்புழு தின்பது. பெருச்சாளியோ கிழங்கு, தேங்காய், மீன்கழிவு, எச்சில் சோறு என்று கிடைத்ததையெல்லாம் தின்னும். ஆகவே அகழெலிக்குச் சொல்லப்படும் வைத்தியம் இங்கே பலிக்காது. சுவரோரம் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறின் மீது பழி போடுவதும் நியாயமில்லை. பாவம், அது பூச்சி தின்னி.

ஊரைச் சுற்றிக் காயல். மனைகள் பலவும் மண்ணடித்து மேடாக்கியவை: மேலே மணல், அடியில் உடைந்த செங்கல்லும் கான்கிரீட் துண்டும். வளை அமைக்க இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. கடல் ஓதம் பொங்கி ஏறும் வேலியேற்றக் காலத்தில் உப்புநீர் முற்றம்வரை வந்துவிட்டால், பெருச்சாளி வீட்டு அடித்தளத்தையும் மதிலோரத்தையும் தேடி மேடேறும். புல் கெட்டதைவிட அதுதான் பெரிய தொல்லை.

கண்ணில் படும் துளைகள் எல்லாவற்றிலும் எலி இருக்காது. மாலையில் எல்லாத் துளைகளையும் ஈரமண்ணால் அடைத்துவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்ப்பது பழைய முறை, திறந்ததில்தான் குடியிருப்பு. புதுப் பொருள் எதையும் பெருச்சாளி சட்டென்று நம்பாது. அதனால் கூண்டைச் சில நாள் விசையை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துத் திறந்தே விட்டு, பழகிய பிறகு விசையை ஏற்ற வேண்டும். முதல் நாளே விசையை ஏற்றுகிறவர்களின் கூண்டு பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்.

விஷம் கடைசி வழி. துத்தநாக பாஸ்பைடுக்கு முறிமருந்து கிடையாது. புரோமடயோலோன் ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்துக் கொல்லும். அதற்கு வைட்டமின் கே முறிமருந்தாக உண்டு. இரண்டாவது ஓரளவு தேவலை என்றாலும், விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதனால் ஆபத்து உண்டு. வளைக்குள் புகை போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டருகே தொடவே கூடாது. அதன் வாயு தரைக்கடியில் கசிந்து அறைக்குள் வந்துவிடும். எலியைப் பிடிக்கும் சாரைப்பாம்பை அடித்துக் கொல்வதோ சட்டப்படி குற்றம், எலிக்கோ உபகாரம்.

ஒன்றைப் பிடித்த இடத்துக்கு இன்னொன்று வந்து சேருவதற்குக் காரணம் சோறு. மீன் அரிந்த கழிவு கொல்லையில் விழுந்துகொண்டிருக்கும்வரை எந்தக் கூண்டும் உதவாது. கழிவை மூடியுள்ள வாளியில் போட்டு, விறகுக் குவியலையும் தேங்காய் மட்டையையும் மதிலிலிருந்து விலக்கி அடுக்கி, காலியான வளையைச் செங்கல் ஜல்லியும் சிமெண்டும் இட்டு அடைத்தால்தான் வேலை முடியும்.

எலிக்காய்ச்சல் கிருமி பெருச்சாளியின் சிறுநீரிலிருந்து தேங்கிய நீரில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியே உடலில் ஏறும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள சுகாதாரத் துறை டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பரவலாக வழங்கியது இதற்காகத்தான். முற்றத்தில் நீர் நிற்கும் நாளில் வெறுங்காலோடு வளை தோண்டக் கூடாது. செத்த எலியைக் கையுறையோடு எடுத்து, நாய் கிளறாத ஆழத்தில் புதைத்து, மேலே பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும்.