வாட்டர் கூலரும் நாலு ஸ்க்ரூவும்

பையன் நல்லேப்பிள்ளியில் பாட்டி வீட்டில் தங்கி கோவைக்குக் காலேஜ் போய் வருகிறான். அவன் கம்ப்யூட்டரில் வாட்டர் கூலர் மாட்ட, துபாயிலிருந்து போனில் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பிராசசரின் பின்கள் வளைந்தால் பொதுவாக வாரண்டி கிடையாது. போன பணம் போனதுதான்.

பழைய கூலரைச் சட்டென்று பிடுங்காதீர்கள். ஏஎம்4 போர்டில் பின்கள் பிராசசரிலேயே இருக்கும். பேஸ்டில் ஒட்டிக்கொண்டு அதுவும் கூடவே வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, கூலரை மெல்ல இடவலமாகத் திருப்பி எடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் போதும். பிளாக்கின் அடியில் பிளாஸ்டிக் தாள் இருந்தால் உரித்துவிடுங்கள்.

முக்கியமானது ஸ்க்ரூ. கார் சக்கர நட்டு மாதிரி எதிரெதிர் மூலையில், இரண்டிரண்டு சுற்றாக முறுக்கணும். ஒரே மூலையை முழுசாக முறுக்கினால் அந்தப் பக்கம் அழுத்தும், மறுபக்கம் இடைவெளி விழும். தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிடுங்கள்.

பம்ப் வயரை மாட்டி, பயாஸில் சூட்டைப் பாருங்கள். விறுவிறுவென்று ஏறினால் உடனே அணையுங்கள்.

இந்தக் கூலர் அறைக் காற்றைவிடக் குளிராக்காது. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் விடச் சொல்லியிருக்கிறேன்.