பழைய வீட்டில் புதிய சமையலறை

1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டில் கட்டிய வீடுகளின் சமையலறைகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். எட்டுக்குப் பத்தடி அறை, ‘எல்’ வடிவ மேடை, மேடைமேல் கடப்பா கல், மூலையில் மொசைக் தொட்டி, சுற்றிலும் பரண், சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மேடைக்கு அடியில் கேஸ் சிலிண்டரும் அரிசி டிரம்மும் வெங்காயக் கூடையும் இடம்பிடித்திருக்கும். கட்டியவர்கள் மனத்தில் இருந்தவை கேஸ் அடுப்பும் மிக்ஸியும்தான். ஃபிரிட்ஜ் கூடத்தில் நின்றது, ஆட்டுக்கல் கொல்லையில் கிடந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது, கிரைண்டரை எங்கே வைப்பது என்பதே பல சமையலறைகளில் கேள்வியானது. பின்னாலேயே குடிநீர் சுத்திகரிப்பானும் மைக்ரோவேவும் இண்டக்‌ஷன் அடுப்பும் வந்து சேர்ந்தன. இத்தனையும் ஏறி உட்கார்ந்த மேடையில் காய் நறுக்க இடமில்லாமல் போகும்போதுதான், இடித்துப் புதுப்பிக்கும் பேச்சு வீட்டில் எழுகிறது.

கடைக்காரர் முதலில் காட்டுவது கதவுகளின் நிறத்தை. திட்டத்தில் கடைசியாக முடிவுசெய்ய வேண்டியதும் அதுதான். நிறம் பிடிக்காவிட்டால் ஐந்தாறு ஆண்டு கழித்துக் கதவை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். தரைக்கு அடியில் போன கழிவுநீர்க் குழாயையும் சுவருக்குள் புதைந்த மின்கம்பியையும் அப்படி மாற்ற முடியாது. ஆகவே பின்னால் மாற்றக் கடினமானது எதுவோ அது முதலில் என்ற வரிசையில் யோசிப்பதே நல்லது. அந்த வரிசையில் முதலில் நிற்பது பாத்திரம் கழுவும் தொட்டி.

தொட்டியை ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோகலாமே என்ற ஆசை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் வரும். தண்ணீர் வரும் குழாயை எங்கு வேண்டுமானாலும் திருப்பலாம், அழுத்தம் அதைத் தள்ளிவிடும். கழிவுநீர் சரிவை மட்டுமே நம்பி ஓடுவது. அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும் என்பது பிளம்பர்களின் பழைய கணக்கு. தொட்டியை எட்டடி நகர்த்தினால் குழாய் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும்; அதோடு குழாயின் பருமனும் சேரும். தனி வீட்டின் தரைத்தளத்தில் தரையைக் கொத்தி இதைச் செய்துவிடலாம், அல்லது சுவரைத் துளைத்து வெளிப்பக்கமாகவே குழாயை இறக்கலாம். அடுக்குமாடியில் தரைக்கு அடியில் இருப்பது கீழ்வீட்டுக்காரரின் கூரை. குளியலறைக்குத் தளத்தைத் தாழ்த்திக் கட்டியதுபோல் சமையலறைக்கு வழக்கமாகச் செய்வதில்லை. அங்கே தொட்டியைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைப்பதுதான் புத்திசாலித்தனம். சரிவு போதாத குழாயில் சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கி அடைத்துக்கொள்ளும். அதற்கு எந்த ஜன்னல் காட்சியும் ஈடாகாது.

பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாய்களும் பெரும்பாலும் ஜிஐ இரும்புதான். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே துருவும் உப்பும் படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். சுவரை எப்படியும் திறக்கப் போகிறோம் என்றால், சமையலறை அளவுக்காவது எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. வெந்நீர் வரும் வழிக்கு சிபிவிசி, சாதாரணத் தண்ணீருக்கு யுபிவிசி என்பது இன்றைய வழக்கம். சுத்திகரிப்பானுக்கு உள்வரும் குழாய் ஒன்று போதாது. அது வெளியேற்றும் உப்புநீருக்கும் ஒரு வழி வேண்டும். இதை மறந்த வீடுகளில், மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று தொட்டியின் விளிம்பில் காலமெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். காடி வெட்டிப் பதித்த குழாய்களில் அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே சுவரைப் பூச விட வேண்டும். பூசும் முன் அளவு டேப்பைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. பின்னால் அலமாரி மாட்டத் துளை போடும் நாளில் அந்தப் படத்தின் அருமை தெரியும்.

சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தோடு சேர்த்துத் திறந்த சமையலறை ஆக்குவது இன்னொரு ஆசை. இதற்கு விடை சுவரின் பருமனிலேயே ஓரளவு இருக்கிறது. தூணும் உத்தரமும் உள்ள கட்டடத்தில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை எடுக்கப் பொதுவாகத் தடையிருக்காது. ஒன்பது அங்குலச் சுவர்களே கூரையைத் தாங்கும் பழைய வீட்டில், பொறியாளர் பார்க்காமல் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது. தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், கடுகும் காய்ந்த மிளகாயும் நாளுக்கு நான்கு முறை பொரியும் வீட்டில் கூடத்துத் திரைச்சீலைகளின் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

இடத்தை எப்படிப் பகிர்வது என்பதில் உலகம் நூறு ஆண்டாக யோசித்திருக்கிறது. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர், நம் எட்டுக்குப் பத்தை விடவும் சிறியது. ரயில் உணவுப் பெட்டியின் சமையல்கூடத்தைப் பார்த்தும், வேலைகளுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டும் அவர் அதை வரைந்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான முக்கோண விதி அடுத்த படி: அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒவ்வொரு கோடும் நான்கு முதல் ஒன்பது அடிக்குள்ளும், மொத்தம் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

விதி நல்லதுதான், ஆனால் அது ஃபிரிட்ஜை நம்பிச் சமைக்கும் வீட்டுக்கு எழுதியது. தமிழ் வீட்டுக் காலை நேரத்தில் கால்கள் அதிகம் நடப்பது அடுப்புக்கும் தொட்டிக்கும் மிக்ஸிக்கும் இடையில். தேங்காய், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் மிக்ஸிக்குப் போய், அங்கிருந்து விழுதாகவோ சட்னியாகவோ திரும்புகின்றன. ஃபிரிட்ஜிலிருந்து மாவும் பாலும் காயும் ஒரே தடவையில் வெளியே வந்துவிடும். எனவே முக்கோணத்தின் மூன்றாம் முனையை மிக்ஸிக்குக் கொடுத்துவிட்டு, ஃபிரிட்ஜை வாசலோரமாகத் தள்ளலாம். தண்ணீர் எடுக்க வரும் பிள்ளைகளும் அடுப்படிவரை வர வேண்டியிராது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே குறைந்தது இரண்டடி வெற்றிடம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. காய் நறுக்குவதும் சோறு வடிப்பதும் குக்கரை இறக்கி வைப்பதும் அந்த இரண்டடியில்தான்.

மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் வழக்கத்துக்கு விட்டுவிடுவது பலரும் செய்வது. சமைப்பவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கும்போது முழங்கை இருக்கும் உயரத்தில் நான்கு முதல் ஆறு அங்குலம் குறைப்பதே சரியான கணக்கு. ஐந்தடி உயரமுள்ளவருக்கு முழங்கை 38 அங்குலம் அளவில் இருக்கும். மேடை 32 முதல் 34 வரை. அமெரிக்கப் படங்களில் காணும் 36 அங்குல மேடை அவருக்குத் தோள்வலியைத்தான் தரும். ஆனால் நறுக்கும் உயரம் வேறு, கிளறும் உயரம் வேறு. 33 அங்குல மேடையில் ஐந்து அங்குல அடுப்பும் அதன்மேல் எட்டு அங்குலக் குழம்புச் சட்டியும் ஏறினால் விளிம்பு 46 அங்குலத்தைத் தொடும். உள்ளே வெந்துவிட்டதா என்று எட்டித்தான் பார்க்க வேண்டும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் தாழ்த்துவது இதற்கு நல்ல வழி. கல் அறுப்பவர் முணுமுணுப்பார், செய்யவைத்தால் தினமும் சமைப்பவர் வாழ்த்துவார். அப்படித் தாழ்த்தினால் அதன் அடியில் சிலிண்டர் நிற்க இடம் போதாமல் போகலாம். ரெகுலேட்டரோடு சேர்த்து அதன் உயரம் இரண்டடியைத் தாண்டும். ஓரிடத்தில் எடுக்கும் முடிவு இன்னோரிடத்தில் முட்டுவதற்கு இது ஓர் உதாரணம். அளவுகளையெல்லாம் ஒரே காகிதத்தில் வரைந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

சிலிண்டரைப் பொறுத்தவரை புதிய சமையலறைகள் பழையவற்றை விடப் பின்தங்கியிருக்கின்றன. சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். பழைய மேடையின் அடிப்பகுதி திறந்தே கிடந்ததால் வாயு பரவிக் கலைய வழியிருந்தது, வாசனையும் உடனே தெரிந்தது. இப்போது அதற்குக் கதவு போட்டு இறுக மூடுகிறார்கள். கதவு வேண்டுமென்றால் கீழே காற்றுத் துளைகள் கட்டாயம். 14.2 கிலோ வாயு உள்ள சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவும் வேண்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் அதைச் சுவருக்குள் மறைக்கக் கூடாது. இடமுள்ள வீடுகளில் சிலிண்டரைப் பின்பக்கம் வலைக்கூண்டுக்குள் வைத்து, தேர்ந்தவரைக் கொண்டு செம்புக் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவது எல்லாவற்றையும் விட மேல்.

புகைபோக்கி இயந்திரம் வாங்குவோர் கேட்பது மணிக்கு எத்தனை கனமீட்டர் இழுக்கும் என்பதை. 1200 என்று எழுதியிருந்தாலும், வெளியேறும் குழாய் மூன்று இடங்களில் மடங்கினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. வெளிச்சுவரை ஒட்டி அடுப்பு, நேராக வெளியே போகும் ஆறு அங்குலக் குழாய், அடுப்புக்கு மேல் இரண்டரை அடி உயரம் என்று அமைந்தால் சாதாரண இயந்திரமே தாளிப்பு நெடியைச் சமாளிக்கும். குழாயே இல்லாமல் கரி வடிகட்டியோடு வருபவை நம் சமையலுக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. பழைய எக்சாஸ்ட் மின்விசிறியை எடுத்துவிடாமல் வைத்துக்கொள்வதும் கெட்டிக்காரத்தனமே.

மின்சாரத்தில் எண்ணிக்கை முக்கியம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குப் போதாது. இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மேடைமட்டத்துக்கு மேல் ஒவ்வொன்று, சுத்திகரிப்பானுக்கும் புகைபோக்கிக்கும் அவை மாட்டும் உயரத்தில் ஒவ்வொன்று, உபரியாக இரண்டு. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் அறை என்பதால் சரியான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் தவிர்க்கக்கூடாதவை. விளக்கு அறையின் நடுவில் மட்டும் இருந்தால் நறுக்குபவரின் நிழல் பலகைமேலேயே விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஒரு நீள விளக்கு அதைத் தீர்த்துவிடும்.

மேடைக் கல்லில் இன்றும் கிரானைட்டை வெல்ல ஒன்றில்லை. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனம், மார்பிளும் அப்படியே. புளியும் எலுமிச்சையும் பட்டால் இரண்டும் மெருகு இழக்கும். செயற்கைக் குவார்ட்ஸ் பிசின் சேர்த்துச் செய்வது, கொதிக்கும் குக்கரை நேராக வைத்தால் கறைபடும். மஞ்சளும் எண்ணெயும் தினமும் சிந்தும் இடத்தில் வெளிர்நிறக் கல்லை விரும்புவோர் துடைத்துக்கொண்டே இருக்கத் தயாராக வேண்டும். கடப்பா கல்லுக்கும் ஓர் இடம் உண்டு: மேடையைத் தாங்கும் தடுப்புகளாகவும் உள்தட்டுகளாகவும். கடப்பா தடுப்பு, முன்னால் மட்டும் மரக் கதவோ அலுமினியக் கதவோ என்னும் உள்ளூர் முறை மாடுலர் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனால் கரையானும் ஈரமும் அதை அண்டுவதில்லை. பிளைவுட் பெட்டிகள்தான் வேண்டுமென்றால் தொட்டியை ஒட்டிய பகுதிக்காவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேட்க வேண்டும். கடற்கரை ஊர்களில் கம்பிக்கூடைகள் 304 தர எவர்சில்வராக இல்லாவிட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

அலமாரிகளின் அளவு, வீட்டில் உள்ள பாத்திரங்களை அளந்த பிறகே முடிவாக வேண்டும். இட்லிப் பானை, பெரிய குக்கர், தோசைக்கல், 25 கிலோ அரிசிச் சிப்பம், வருஷத்துப் புளி என்று எழுதிப் பார்த்தால், கடையின் மாதிரிப் படத்தில் உள்ள கரண்டித் தட்டுகள் பாதிக்கு மேல் வேண்டாதவை எனத் தெரியும். அன்றாடம் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்திலும், கனமானவை கீழே இழுப்பறையிலும், சீர்வரிசை அண்டாக்கள் பரணிலும் போகட்டும். அந்த அண்டாக்களில் சிலவற்றைப் பாத்திரக் கடையில் போட்டு மாற்றிவிடலாமா என்பது ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

வாஸ்துப் பேச்சையும் அளவு எடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். அக்கினி மூலையான தென்கிழக்கில் அடுப்பு, கிழக்கு நோக்கிச் சமையல் என்பதே பரவலான எதிர்பார்ப்பு. அறையை மாற்ற முடியாதபோது அடுப்பின் திசையைத் திருப்பிப் பெரியவர்கள் சமாதானமாவது வழக்கம். கல் பதித்த பிறகு இந்தப் பேச்சு எழுந்தால் செலவு இரட்டிப்பாகும்.

வேலையின் வரிசை: இடிப்பு, குழாயும் மின்கம்பியும், பூச்சு, தரையும் சுவரும் டைல்ஸ், மேடைக் கல், தச்சு, வண்ணம், இறுதியாகக் கருவிகள். தொட்டியையும் பதிக்கும் அடுப்பையும் கல் அறுக்கும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். அவற்றின் உண்மையான விளிம்பைப் பார்த்துத்தான் துவாரம் வெட்ட முடியும். அலமாரிக்கு அளவெடுப்பதோ டைல்ஸ் ஒட்டிய பிறகு. மதிப்பீடு வாங்கும்போது சதுர அடி விலையோடு கீல், சேனல், கைப்பிடி, கூடைகள் சேர்த்தியா என்று கேட்டு எழுதி வாங்கினால் பிறகு சண்டை வராது. பழைய சுவரைத் திறந்தால் எதிர்பாராதது ஏதேனும் இருக்கும் என்பதால், பத்தில் ஒரு பங்குப் பணம் தனியே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு காயாது. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் சொன்ன நாளில் திரும்புவதும் இல்லை. முழு வேலைக்கு ஒரு மாதத்துக்குக் குறைவாகச் சொல்பவரை நம்பாமல், அதுவரை பால்கனியிலோ பின்கட்டிலோ ஓர் ஒற்றை அடுப்பும் தண்ணீர் வசதியும் முதலிலேயே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் சில உண்டு. தொட்டியை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அடியில் விரலால் தடவி ஈரம் பார்க்கலாம். கேஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். இண்டக்‌ஷன், மிக்ஸி, மைக்ரோவேவ் மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டுச் சுவிட்சுகள் சூடாகின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பால் காய்ச்சுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.