பழைய உழுபொறிக்குப் புத்துயிர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்

உழவுத் தொழிலில் பருவம் தவறினால் பலனும் தவறும் என்பது தஞ்சைத் தரணியில் பிறந்த எவரும் அறிந்ததே. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின், நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ஆம் நாளை எதிர்பார்த்தே நம் வயல்கள் காத்துக் கிடக்கின்றன. குறுவை அறுவடை முடிந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் தாளடி நட்டாக வேண்டும். இடையில் கிடைப்பவை சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில் உழவு வண்டி கிடைக்குமா என்பதுதான் சிறு குத்தகைக்காரரின் பெருங்கவலை.

என் தந்தையார் ஒன்பது மா நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுபவர். எங்கள் வயலுக்குத் தனி வழி கிடையாது. பெரிய டிராக்டர் வரவேண்டுமானால் பிறர் வயலின் குறுக்கே வரவேண்டும். அவர்கள் முன்னதாக நட்டுவிட்டால் எங்களுக்கு வழி அடைபட்டுவிடும். வரப்பை ஒட்டி நடத்திச் செல்லக்கூடிய பவர் டில்லர் ஒன்றே எங்களுக்கு ஏற்றது. வண்டி இல்லாத ஆண்டுகளில் தாளடியைத் தரிசாகப் போட்ட துன்பமும் எங்களுக்கு உண்டு.

இந்தப் பொறி நம் நாட்டுக்கு வந்த கதை சுவையானது. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் இணைத்து ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 அந்தப் பத்தாண்டில் குறுவை வயல்களில் பரவியது. நெல்லைப் போலவே பொறியும் ஜப்பானிலிருந்து வந்தது. பெங்களூரில் 1967-இல் தோன்றிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் துணையோடும், கேரளத்தில் அத்தாணியில் 1973-இல் தோன்றிய காம்கோ நிறுவனம் குபோட்டாவின் துணையோடும் பவர் டில்லர்களைச் செய்தன. சிறு வயல், சேற்று வயல், நெல் வயல் ஆகிய மூன்றும் அங்கும் இங்கும் ஒன்றல்லவா!

எங்கள் வீட்டு டில்லர் 1980-களில் வந்த பழைய வகை. அப்பா அதை மூன்றாம் கையாக வாங்கினார். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் கொட்டகை அதன்மேல் சரிந்தது. மழை நீர் புகுந்து பிஸ்டன் இறுகிவிட்டது. அதன்பின் கோழிகள் அடையும் இடமாயிற்று. சென்ற ஆண்டு பழைய இரும்பு வாங்குபவர் வந்து எடைக்கு விலை பேசினார். அப்பாவும் இசைந்துவிடும் நிலையில் இருந்தார். “ஒரு மாதம் பொறுங்கள் அப்பா” என்று நான் கேட்டுக்கொண்டேன். “படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குப்பா?” என்றார், ஆனாலும் பொறுத்தார்.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரரை நான் மாமா என்றே அழைப்பேன். எழுபது வயதைத் தாண்டியவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சிலிண்டரில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டிப் பிஸ்டனை அவர் வெளியே எடுத்த நேர்த்தியைக் கண்டு வியந்தேன். பிறகு உதிரிபாகம் தேடும் படலம் தொடங்கியது. “இந்த மாடலா? நின்னு வருஷம் ஆச்சு தம்பி” என்பதே கடைதோறும் கிடைத்த பதில்.

மாமா கலங்கவில்லை. பாகங்களை மூன்றாகப் பிரித்து வைத்தார். முதல் வகை, எண்ணை வைத்தே வாங்கக்கூடியவை. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிப்பு 15. எந்த நாட்டுப் பொறிக்கும் இவ்வளவு ஒன்றே. ஆயில் சீலும் பெல்ட்டும் அப்படியே. கடையில் வண்டியின் பெயரைச் சொன்னால் இல்லை என்பார்கள். எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்!

இரண்டாம் வகை, செய்துகொள்ளக்கூடியவை. கனெக்டிங் ராடின் சிறு முனையில் இருக்கும் புஷ் தேய்ந்திருந்தது. குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற நாச்சியார்கோயிலுக்குச் சென்றோம். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கும் தொழில் அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. விளக்குக்குரிய பித்தளையில் செம்பும் துத்தநாகமும் உண்டு. தேய்மானத்தைத் தாங்க வெள்ளீயம் கலந்த வெண்கலம் வேண்டும். செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்று வகுப்பில் படித்த கன்மெட்டல் விகிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் வார்த்துத் தந்த உருளையைக் கும்பகோணத்தில் கடைசல் பிடித்தோம்.

மூன்றாம் வகை, இறந்த வண்டியிலிருந்தே எடுக்க வேண்டியவை. கியர் ஒன்று பல் உடைந்திருந்தது. திருச்சியில் பழைய இரும்புக் குவியலில் நாள் முழுதும் தேடி, அதே வகை வண்டியின் கியர்ப் பெட்டியை எடைக்கு வாங்கினோம். துரு ஏறிய அதைச் சலவைச் சோடாக் கரைசலில் அமிழ்த்தி, பாட்டரி சார்ஜரின் எதிர்முனையில் இணைத்தேன். நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு. ஹைட்ரஜன் வெளிப்படும் என்பதால் திறந்தவெளியில் வைத்தோம். மறுநாள் துரு சேறுபோல் உதிர்ந்தது. “இதைக் காலேஜிலா சொல்லித் தர்றாங்க?” என்று மாமா கேட்டபோது எனக்கு உண்டான பெருமிதத்தைச் சொற்களில் வடிக்க இயலாது.

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. சென்ற தாளடிக்கு ஒன்பது மாவும் எங்கள் வண்டியாலேயே சேறடிக்கப்பட்டன. யாருடைய முறைக்கும் நாங்கள் காத்திருக்கவில்லை. அப்பா வாய்திறந்து பாராட்டவில்லை. பக்கத்து வயல்காரரிடம், “என் மகன் படிச்ச படிப்பு” என்று மட்டும் சொன்னாராம்.

ஆனால் நண்பர்களே, அது பாதி உண்மைதான். என் படிப்பு மட்டும் தனியே நின்றிருந்தால் அந்தப் பிஸ்டன் அசைந்திருக்காது. மாமாவின் அறிவு எந்த நூலிலும் அச்சேறவில்லை. அவருக்குப் பின் பட்டறையை நடத்த ஆளும் இல்லை. ஆகவே கழற்றிய ஒவ்வொரு பாகத்தின் அளவையும், பேரிங் எண்ணையும், அவர் சொன்ன குறிப்பையும் ஒரு நோட்டில் படத்தோடு எழுதி வருகிறேன். இதுவரை அறுபது பக்கங்கள் ஆகியுள்ளன.

நம் கல்லூரிக்குக் கிராமங்களிலிருந்து வருவோர் பலர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்களும் பலர். ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு பட்டறையும் ஒரு முதியவரும் இருப்பார்கள். விடுமுறையில் ஒரு நோட்டும் ஓர் அளவுகோலும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். அவர்கள் கையறிவையும் நம் ஏட்டறிவையும் சேர்த்து எழுதிவைப்பது, படித்த நாம் ஊருக்குச் செலுத்தவேண்டிய முதல் கடன் என்பேன்.